அம்மாவுக்கு நுரையீரல் கேன்சர், மாத்திரை கேக்காம போச்சு. ட்ரையல் எங்க, எப்படித் தேடறது?

தாமிரபரணிக்காரி
மார்ச் 3, இரவு 11:20

எல்லாருக்கும் வணக்கம். நாலஞ்சு மாசமா இங்க படிச்சிட்டு மட்டும்தான் இருந்தேன், இன்னைக்குதான் முதல் தடவை எழுதறேன், நீளமாப் போனா கோச்சுக்காதீங்க.

அம்மாவுக்கு 61 வயசு, ஊரு அம்பாசமுத்திரம் பக்கம். சிகரெட் புகை பிடிக்கிற ஆளு யாரும் எங்க வீட்ல கிடையாது, ஆனா விறகடுப்புல முப்பது வருஷம் சமைச்சிருக்காங்க. இருமல் நிக்கலன்னு போனப்போ டிபின்னு சொல்லி அஞ்சு மாசம் டிபி மாத்திரை குடுத்தாங்க. அதுக்குள்ள ஒரு பக்கம் நீர் கோத்து மூச்சு விட முடியாமப் போச்சு, அந்த நீரை எடுத்து டெஸ்ட் பண்ணினப்பதான் அடினோகார்சினோமாங்கற நுரையீரல் கேன்சர், ஸ்டேஜ் 4ன்னு தெரிஞ்சது. ஈ.ஜி.எஃப்.ஆர்ங்கற மரபணு மாற்றம் பாசிடிவ், அதுல எக்ஸான் 19 டெலீஷன்ங்கற வகை. அதுக்குன்னே இருக்கற மாத்திரை ஜெஃபிடினிப் 250 தினம் ஒண்ணு. சத்தியமா சொல்றேன், ரெண்டே வாரத்துல அம்மா எந்திரிச்சு முத்தம் தெளிச்சு கோலம் போட்டாங்க. 13 மாசம் ஓடிச்சு. போன வாரம் எடுத்த சிடில கட்டி பெருசாயிருக்கு, கல்லீரல்ல புதுசா ஒண்ணு இருக்குன்னு வந்திருக்கு.

மாத்திரையைக் கேக்காமப் போக வைக்கற டி790எம்ங்கற மாற்றம் இருக்கான்னு டாக்டர் ரத்தத்துல டெஸ்ட் எடுக்கச் சொல்லியிருக்காரு. பாசிடிவ்னா ஓசிமெர்டினிப்ங்கற அடுத்த மாத்திரை, இல்லன்னா கீமோன்னாரு. "புது மருந்தை நோயாளிங்களுக்குக் குடுத்துப் பாக்கற ட்ரையல் ஏதாவது இருக்கா சார்"னு கேட்டேன், "சென்னைல கேட்டுப் பாருங்கம்மா"ன்னதோட அடுத்த பேஷண்டைக் கூப்பிட்டுட்டாரு. அவரைக் குத்தம் சொல்லல, வெளிய எம்பது பேரு உக்காந்திருந்தாங்க. ஆனா சென்னைல யாரைக் கேக்கணும்? எந்த வாசல்ல போய் நிக்கணும்? கூகுள்ல தேடினா எல்லாம் அமெரிக்காவா வருது. தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

—

விருதுநகர் மணி
மார்ச் 4, காலை 6:05

தங்கச்சி, மொதல்ல ஒண்ணு. அடுத்த மருந்தை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கேட்டீங்க பாருங்க, அதுலயே பாதி கிணறு தாண்டிட்டீங்க. நாங்க எங்கப்பாவுக்கு ரெண்டு கீமோ மாத்தி, மூணாவது ஆரம்பிச்ச பிறகு ட்ரையல் தேடினோம். நாலு எடத்துல கேட்டோம், நாலு பேரும் "ஒரு கீமோவோட வந்திருந்தா எடுத்திருப்போம்"னாங்க. கடைசில அஞ்சாவது எடத்துல கிடைச்சது, அதைப் பத்தி அப்புறம் சொல்றேன்.

நம்ம நாட்டு ட்ரையல் எல்லாம் சி.டி.ஆர்.ஐன்னு ஒரு பதிவேட்டுல இருக்கும். மத்திய அரசோட மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஐ.சி.எம்.ஆர் நடத்தறது, 2007ல ஆரம்பிச்சது, 2009ல இருந்து பதியாம ட்ரையல் நடத்தக் கூடாதுன்னு ஆக்கிட்டாங்க. சிடிஆர்ஐ டாட் நிக் டாட் இன். காசு கிடையாது, லாகின் எதுவும் வேண்டாம், யாரு வேணா தேடலாம். சைட்டு பாக்க அரசு ஆபீஸ் மாதிரிதான் இருக்கும், பயந்துடாதீங்க. லங் கேன்சர்னு போட்டா ஏகப்பட்டது வந்து விழும், அதுல முக்கால்வாசி நமக்கு ஆகாது. யோகா, மூச்சுப்பயிற்சி, மயக்க மருந்து, ரேடியேஷன் அளவு எல்லாமே ட்ரையல்தான். நீங்க "நான் ஸ்மால் செல்", "ஈ.ஜி.எஃப்.ஆர்" ரெண்டையும் தனித்தனியா போட்டுத் தேடுங்க (நான் ஸ்மால் செல்ங்கறது அம்மாவோட அடினோகார்சினோமா சேர்ற பெரிய வகை). உள்ள போனா எந்தெந்த ஊர்ல, எந்த ஆஸ்பத்திரில, எந்த டாக்டர்னு போன் நம்பரோட லிஸ்ட் இருக்கும். அந்த லிஸ்ட்டுதான் நீங்க கேட்ட வாசல்.

—

பழைய கோஆர்டினேட்டர்
மார்ச் 4, காலை 10:48

மணி அண்ணன் சொன்னது கரெக்ட். ஒன்பது வருஷம் ஸ்டடி கோஆர்டினேட்டரா, அதாவது ஆஸ்பத்திரில ட்ரையல் வேலைங்களைக் கவனிக்கறவளா வேலை பாத்தவ நான், இப்ப வேற வேலைல இருக்கேன், அதனால கொஞ்சம் மனசு விட்டே எழுதறேன்.

சி.டி.ஆர்.ஐல ஒரு ட்ரையலைத் திறந்தா ஆள் எடுக்கற நிலைமைன்னு ரெண்டு எடத்துல போட்டிருப்பாங்க, உலக அளவுல ஒண்ணு, இந்தியாவுல ஒண்ணு. இந்தியா நிலைமையைத்தான் பாக்கணும். அதையும் அப்படியே நம்பிடாதீங்க. ஆள் எடுத்து முடிச்ச ட்ரையல் திறந்தே கிடக்கும், அப்டேட் பண்ண வேண்டிய ஆளு வேற கம்பெனிக்குப் போயிருப்பாரு. சில சமயம் உல்டாவாவும் இருக்கும். அதனால போன் பண்ணித்தான் ஆகணும், வேற வழியே கிடையாது. போன் பண்ணினா பெரிய டாக்டரைக் கேக்காதீங்க, "லங் கேன்சர் ஸ்டடி கோஆர்டினேட்டர் யாரு"ன்னு கேளுங்க. காலைல ஓ.பி நேரத்துல யாரும் எடுக்க மாட்டாங்க, மதியம் மூணு மணிக்கு மேல கூப்பிடுங்க.

கூப்பிடறதுக்கு முன்னாடி ஒரே ஒரு பக்கத்துல கதையை எழுதி வச்சுக்கோங்க. வயசு, கேன்சர் வகை, ம்யூட்டேஷன், என்ன மருந்து, எந்தத் தேதில ஆரம்பிச்சது, எந்தத் தேதில நிறுத்தினது, கடைசி சிடி எப்ப, மூளைக்கு எம்.ஆர்.ஐ எடுத்திருக்கா, சுகர் பிரஷர் இருக்கா, கிட்னி டெஸ்ட்ல கிரியாட்டினின் எவ்வளவு, நடமாட்டம் எப்படி. இதை வாட்ஸப்ல போட்டீங்கன்னா கோஆர்டினேட்டர் அஞ்சு நிமிஷத்துல ஆகும் ஆகாதுன்னு சொல்லிடுவா. அழுதுட்டே அரை மணி நேரம் பேசறவங்க கிட்ட எனக்கு இரக்கம் வந்திருக்கு, ஆனா தகவல் வந்ததில்ல.

நடமாட்டம்னேன்ல, அதுக்கு ஈகாக்னு ஒரு மார்க் இருக்கு. 0ன்னா முன்ன மாதிரியே இருக்காங்க. 1ன்னா கடின வேலை முடியாது, லேசான வேலை செய்வாங்க. 2ன்னா தன் வேலையைத் தானே பாத்துப்பாங்க, வேற வேலை முடியாது, பகல்ல பாதிக்கு மேல எந்திரிச்சு இருப்பாங்க. 3ன்னா பாதிக்கு மேல படுக்கை. 4ன்னா முழுப் படுக்கை. நிறைய ட்ரையல்ல 0, 1 மார்க் உள்ளவங்களை மட்டும்தான் எடுப்பாங்க. அம்மா கோலம் போட்டாங்கன்னு சொன்னீங்களே, அதுதான் எங்களுக்கு வேண்டிய தகவல்.

டிபி மாத்திரை சாப்பிட்ட தேதியையும் எழுதுங்க. ஆக்டிவ் டிபி இருந்தா பல ட்ரையல்ல சேக்க மாட்டாங்க. இப்பவும் ரிஃபாம்பிசின்ங்கற டிபி மாத்திரை ஓடிட்டு இருந்தா அது ஓசிமெர்டினிப் மாதிரி மாத்திரையோட அளவை ரத்தத்துல இறக்கி விட்டுடும். நிறுத்தி வருஷம் ஆச்சுன்னா பிரச்சனை இல்ல, ஆனா சொல்லணும்.

—

கணேசன்_மதுரை
மார்ச் 4, மதியம் 1:15

எல்லாரும் நல்லாத்தான் சொல்றீங்க. நான் சொல்றது கசக்கும். ட்ரையல்னா என்ன? வெளிநாட்டுக் கம்பெனிக்கு நம்ம ஆளுங்க சோதனை எலி. பாதிப் பேருக்கு வெறும் சக்கரை மாத்திரையைக் குடுத்து வேடிக்கை பாப்பாங்க. வயசான அம்மாவை ரயில்ல இழுத்துட்டுப் போய் ஊசி குத்த விடறதுக்கு, வீட்ல நிம்மதியா வச்சிருக்கலாம். என் சித்தப்பா விஷயத்துல பாத்தவன்ங்கறதால சொல்றேன்.

—

விருதுநகர் மணி
மார்ச் 4, மதியம் 2:40

கணேசன் சார், சித்தப்பாவுக்கு என்னாச்சுன்னு தெரியாம நான் பேசக் கூடாது. ஆனா சக்கரை மாத்திரை விஷயம் அப்படி இல்ல. பரவின கேன்சர்ல, தெரிஞ்ச வைத்தியம் ஒண்ணு இருக்கும்போது அதை நிறுத்திட்டு வெறும் டம்மியை மட்டும் குடுக்க விட மாட்டாங்க. ஒரு பக்கம் வழக்கமான மருந்து, இன்னொரு பக்கம் புதுசு. இல்லன்னா ரெண்டு பக்கமும் வழக்கமானது, கூட ஒரு பக்கம் புது மருந்து, ஒரு பக்கம் டம்மி. டம்மியை மட்டும் குடுக்கறது, ஆபரேஷன் முடிஞ்சு கட்டி எதுவும் மிச்சமில்லாதவங்களுக்கு நடக்கற ட்ரையல்ல இருக்கும். ஓசிமெர்டினிப்புக்கே அடாரான்னு ஒண்ணு நடந்தது, 682 பேரு, ஆபரேஷனுக்கு அப்புறம் ஒரு பாதிக்கு மாத்திரை, ஒரு பாதிக்கு டம்மி. அதுல வந்த ரிசல்ட்டாலதான் இன்னைக்கு ஆபரேஷன் ஆனவங்களுக்கு அந்த மாத்திரையை எழுதறாங்க.

யாருக்கு எந்தப் பக்கம்ங்கறதைச் சீட்டு குலுக்கிப் போடற மாதிரிதான் முடிவு பண்ணுவாங்க, எங்கப்பாவுக்கு விழுந்தது வழக்கமான மருந்துப் பக்கம். வருத்தமாத்தான் இருந்தது, மறைக்கல. ஆனா ஆறு வாரத்துக்கு ஒரு சிடி, ஒவ்வொரு தடவையும் ரத்தம், ராத்திரி காய்ச்சல் வந்தாக் கூப்பிட ஒரு நம்பர், இதெல்லாம் எங்க கைக்காசுல நடந்திருக்காது. 19 மாசம் இருந்தாரு. பேரன் காதுகுத்துக்கு மடில வச்சு உக்காந்தாரு.

—

பழைய கோஆர்டினேட்டர்
மார்ச் 4, இரவு 9:30

கணேசன் சார் கோவத்துல நியாயம் இல்லாம இல்ல. 2012ல ஸ்வாஸ்த்ய அதிகார் மஞ்ச்ங்கற அமைப்பு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனதே இதுக்குத்தான், ஏழைகளை விவரம் சொல்லாம ட்ரையல்ல சேக்கறாங்கன்னு. 2013ல கோர்ட்டு 162 ட்ரையலை நிறுத்தி வச்சது. அதுக்கப்புறம்தான் நஷ்டஈட்டு விதி, கையெழுத்து வாங்கறதை வீடியோ எடுக்கறதுன்னு எல்லாம் வந்து, 2019ல புது விதிகளா முழுசா ஆச்சு. ட்ரையலால உடம்புக்கு ஏதாவதுன்னா வைத்தியச் செலவு அவங்களோடது. உயிர் போனா நஷ்டஈடு, அதுக்குக் கணக்கே இருக்கு. 8 லட்சத்துல ஆரம்பிச்சு வயசுக்கு ஒரு பெருக்கல், நோயோட தீவிரத்துக்கு ஒரு பெருக்கல். 65 தாண்டினவங்களுக்கு வயசுப் பெருக்கல் ஒண்ணுதான். ஆறு மாசத்துல இருந்து ரெண்டு வருஷம் வரைக்கும் தாங்குவாங்கன்னு கணிச்ச நோயாளிக்கு நோய்ப் பெருக்கலும் ஒண்ணு, ஆக 8 லட்சம். அதுக்கும் கம்மியா கணிச்சவங்களுக்கு 4 லட்சம். உயிருக்கு வெலையான்னு கேப்பீங்க. ஆனா இந்தத் தாளு இல்லாத காலத்துல ஒண்ணுமே கிடையாது. ஒப்புதல் படிவத்துல நாமினி பேரு கேப்பாங்க, அது இதுக்குத்தான், பயந்துறாதீங்க.

என் தப்பையும் சொல்லிடறேன். நேரமில்லைன்னு "இங்க, இங்க, இங்க"ன்னு பக்கம் பக்கமா விரல் வச்சு கையெழுத்து வாங்கியிருக்கேன். அது கூடவே கூடாது. தமிழ்லயே விவரத்தாள் இருக்கும், கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டு போங்க, ராத்திரி படிங்க, புரியாததுல பேனாவால சுழிச்சு வைங்க, மறுநாள் கேளுங்க. கையெழுத்து போட்ட பிறகு ஒரு காப்பி உங்க கைக்கு வரணும். எப்ப வேணா வெளிய வரலாம், காரணம் சொல்ல வேண்டியதில்ல, அதுக்காக வழக்கமான வைத்தியத்தை நிறுத்தக் கூடாது. ஒரு ராத்திரி கூட குடுக்க மாட்டோம், இப்பவே போடுங்கன்னு யாராவது அவசரப்படுத்தினா எந்திரிச்சு வந்துடுங்க.

கம்பெனி கம்பெனின்னு எல்லாத்தையும் ஒரே கட்டா கட்டவும் முடியாது சார். இந்த அம்மா சாப்பிட்ட ஜெஃபிடினிப்பையே எடுத்துக்கோங்க. மும்பை டாடா மெமோரியல்ல நம்ம டாக்டருங்களே 350 பேரை வச்சு ட்ரையல் நடத்தினாங்க. ஒரு பாதிக்கு ஜெஃபிடினிப் மட்டும், ஒரு பாதிக்குக் கூடவே பெமெட்ரெக்ஸெட், கார்போபிளாட்டின் கீமோ. நோய் வளராம இருந்த காலம் 8 மாசத்துல இருந்து 16 மாசமாச்சு. கடுமையான பக்கவிளைவும் நூத்துக்கு 25 பேருல இருந்து 51 ஆச்சு, அதையும் மறைக்காமப் போட்டிருக்காங்க. 2020ல பெரிய ஜர்னல்ல வந்தது. மலிவா கிடைக்கற மருந்தை வச்சு நம்ம ஊரு நோயாளிக்காக நடந்தது.

—

தாமிரபரணிக்காரி
மார்ச் 4, இரவு 11:02

அப்ப அம்மாவுக்கு ஜெஃபிடினிப்போட கீமோவும் சேத்துக் குடுத்திருக்கணுமா? நாங்க மாத்திரை மட்டும் போதும்னு விட்டுட்டோமே.

—

பழைய கோஆர்டினேட்டர்
மார்ச் 4, இரவு 11:15

ஐயோ, இல்லம்மா. இதைச் சொன்னா இப்படி நினைப்பீங்கன்னு எனக்குத் தோணியிருக்கணும். நீர் கோத்து, மூச்சு வாங்கி, அஞ்சு மாசம் டிபி மாத்திரைல உடம்பு இளைச்சு வந்தவங்களுக்கு மாத்திரை மட்டும் ஆரம்பிக்கறது ரொம்பப் பேரு எடுக்கற முடிவுதான். 13 மாசம் ஓடியிருக்கு. அதை விட்டுட்டு முன்னாடி பாருங்க. போய்த் தூங்குங்க.

—

ராசன்_ரொறொன்ரோ
மார்ச் 5, காலை 4:50

வணக்கம் தங்கச்சி. நான் யாழ்ப்பாணம், இப்ப ரொறொன்ரோவில இருக்கிறன். என்ர மனிசிக்கும் இதே எக்ஸான் 19தான், அவ ஓசிமெர்டினிப்பில தொடங்கினவ, இப்ப நாலாவது வருசம்.

நீங்கள் கூகுளில தேடினா வாறது அமெரிக்க அரசாங்கத்தின்ர பதிவேடு. அதை விட்டுடாதேங்கோ, அதில நாடு எண்டு ஒரு இடம் இருக்கு, இந்தியா எண்டு தெரிவு செய்தால் இந்தியாவில நடக்கிற சர்வதேச ட்ரையலும் வரும். ரெண்டு பதிவேட்டையும் ஒப்பிட்டுப் பாத்தா எது உண்மையில திறந்திருக்கு எண்டு ஒரு மட்டுக்கு விளங்கும். இலங்கையில ஆருக்கும் தேவை எண்டால் அங்கயும் தனியா ஒரு பதிவேடு இருக்கு, ஆனா புற்றுநோய் மருந்து ட்ரையல் குறைவு. என்ர மச்சானுக்கு மகரகமவுக்கும் தெல்லிப்பழைக்கும் அலைஞ்சு கடைசியில ஒண்டும் சரிவரேல்ல.

வெளிநாட்டுக்கு வந்து ட்ரையலில சேரலாமோ எண்டு சில ஆக்கள் என்னட்டைக் கேக்கிறவை. கடுமையான கஷ்டம். மருந்து இலவசம் எண்டாலும் மிச்ச வைத்தியத்துக்கு அந்த நாட்டுக் காப்புறுதி வேணும். அதுக்காக வீடு விக்காதேங்கோ.

இன்னொண்டு, உடம்பின்ர எதிர்ப்புச் சக்தியைத் தூண்டுற இம்யூனோதெரப்பி எண்டு ஆரும் ஆசை காட்டினால் ரெண்டு தரம் யோசியுங்கோ. ஈ.ஜி.எஃப்.ஆர் இருக்கிற ஆக்களுக்கு அது தனியக் குடுத்தால் பெருசா வேலை செய்யிறேல்ல, கனக்க இம்யூனோ ட்ரையல் ஈ.ஜி.எஃப்.ஆர், ஏ.எல்.கே எண்ட மரபணு மாற்றங்கள் உள்ளவையை எடுக்கிறதும் இல்லை. அதைக் குடுத்த கையோட ஓசிமெர்டினிப் குடுத்தால் நுரையீரல் அழற்சி வாற ஆபத்தும் கூட. எங்கட டொக்டர் இதைத்தான் முதல் நாளே சொன்னவர்.

—

ப்ளாக்கும்ஸ்லைடும்
மார்ச் 5, காலை 9:10

பேத்தாலஜி லேப்ல வேலை பாக்கறேன். ஒரே ஒரு விஷயம். அம்மாவோட ப்ளாக் எங்க இருக்கு?

நீர்ல இருந்து எடுத்த செல்லை மெழுகுல பதிச்சு செல் ப்ளாக்னு செய்வாங்க, பயாப்சின்னா சதைத் துண்டை வச்சு மெழுகு ப்ளாக். ட்ரையல்காரங்க ரிப்போர்ட்டை விட அதைத்தான் கேப்பாங்க. டெஸ்ட் பண்ணின லேப்ல ஒரு லெட்டர் குடுத்து வாங்கலாம். ஸ்லைடா வெட்டித் தரேன்னு சொன்னா, இப்ப வேண்டாம், ப்ளாக்காவே வேணும்னு சொல்லுங்க. சில ட்ரையல்ல புதுசா வெட்டின ஸ்லைடுதான் செல்லும். வெயில்ல, வண்டி டிக்கில வைக்காதீங்க, மெழுகு உருகிடும். ஒருத்தரு மே மாசம் டிக்கில வச்சு ப்ளாக்கைக் கொண்டு வந்தாரு, டப்பாக்குள்ள ஊத்தப்பம் மாதிரி இருந்தது.

—

அனு_கோவை
மார்ச் 5, மாலை 6:22

நடுவுல புகுந்ததுக்கு சாரி. எங்க மாமாவுக்கு ஒரு வாட்ஸப் மெசேஜ் வந்திருக்கு, நாலாம் ஸ்டேஜ் லங் கேன்சருக்கு ட்ரையல், அரசு பதிவு எண் இருக்கு, பதிவுக் கட்டணம் நாப்பதாயிரம்னு. நம்பரை சி.டி.ஆர்.ஐல போட்டேன், நிஜமாவே இருக்கு. கட்டலாமா?

—

பழைய கோஆர்டினேட்டர்
மார்ச் 5, மாலை 7:01

கட்டாதீங்க! ட்ரையல்ல சேர நீங்க காசு குடுக்கறதுன்னு ஒண்ணு கிடையவே கிடையாது. பதிவு எண் இருக்குங்கறது பிறந்த நாள் சர்டிபிகேட் மாதிரிதான், பிறந்திருக்குன்னு அர்த்தம், நல்ல பிள்ளைன்னு அர்த்தம் இல்ல. அந்தப் பதிவைத் திறந்து மூணு விஷயம் பாருங்க. ஆஸ்பத்திரி லிஸ்ட்ல எந்த ஆஸ்பத்திரி இருக்கு, நோயாளிங்க பாதுகாப்பைப் பாக்கற எதிக்ஸ் கமிட்டியோட அனுமதி வந்திருச்சா, புது மருந்துன்னா டி.சி.ஜி.ஐ (மத்திய அரசோட மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி) அனுமதி போட்டிருக்கா. அப்புறம் மெசேஜ் அனுப்பினவரை விட்டுட்டு, லிஸ்ட்ல இருக்கற ஆஸ்பத்திரி நம்பருக்கு நேரா கூப்பிடுங்க. அடுத்தவன் ட்ரையல் நம்பரைப் போட்டு ஊர்ல வசூல் பண்றவங்க இருக்காங்க.

காசு பத்தி இன்னும் ஒண்ணு. ட்ரையல் மருந்து இலவசம், ட்ரையலுக்காகவே எடுக்கற டெஸ்ட்டும் இலவசம். ஆனா டாக்டருங்களே நடத்தற ட்ரையல்ல வழக்கமான மருந்து, வழக்கமான ஸ்கேன் நம்ம கைல இருந்தோ காப்பீட்டு அட்டைல இருந்தோ போகலாம். போக்குவரத்துக்குச் சில ட்ரையல்ல தருவாங்க. சேரும்போதே "எதெல்லாம் நாங்க கட்டணும்"னு நேரா கேளுங்க. கூச்சமே வேண்டாம்.

—

அனு_கோவை
மார்ச் 5, இரவு 8:40

கூப்பிட்டேன் மேடம். அந்த ஆஸ்பத்திரில அந்த ட்ரையல் போன வருஷமே முடிஞ்சு போச்சாம். கட்டணமே கிடையாதாம். நாப்பதாயிரம் தப்பிச்சது, மாமா இப்பதான் சாப்பிட உக்காந்தாரு.

—

தாமிரபரணிக்காரி
மார்ச் 14, இரவு 10:10

பத்து நாள் கழிச்சு வரேன். ரத்தத்துல டி790எம் நெகடிவ். டாக்டர் சொன்னாரு, ரத்தத்துல இல்லன்னா கட்டிலயும் இல்லன்னு முடிவு கட்ட முடியாது, ஜெஃபிடினிப் கேக்காமப் போறவங்கள்ல பாதிப் பேருக்காவது இது இருக்கும்னு. அதனால கல்லீரல் கட்டில ஊசி போட்டு பயாப்சி எடுத்திருக்கு. கணேசன் சார் கோச்சுக்காதீங்க, அம்மாகிட்ட கேட்டுட்டுதான் செஞ்சேன், "எடுக்கட்டும் பிள்ள, நாலு பேருக்குப் பிரயோசனப்படட்டும்"னாங்க.

சி.டி.ஆர்.ஐல மூணு ராத்திரி உக்காந்தேன். அண்ணன் சொன்ன மாதிரி முக்கால்வாசி கழிஞ்சு போச்சு. பயோசிமிலர் ட்ரையல்னு நிறைய வருது, அது என்ன? மிச்சம் ஏழு. ஏழு எடத்துக்கும் போன் பண்ணினேன். ரெண்டு பேரு எடுக்கவே இல்ல. ரெண்டுல ஆள் எடுத்து முடிச்சாச்சு. ஒண்ணு ஓசிமெர்டினிப் சாப்பிட்டு கேக்காம போனவங்களுக்கு மட்டும். ஒண்ணு ஏ.எல்.கேக்கு, நான்தான் தப்பா எழுதி வச்சிருந்தேன். சென்னைல ஒரே ஒரு எடத்துல "பயாப்சி ரிசல்ட் வந்ததும் ப்ளாக்கோட வாங்க"ன்னாங்க. ஒரு பக்கக் கதையை வாட்ஸப்ல போட்டேன், அரை மணி நேரத்துல கூப்பிட்டுட்டாங்க. அக்கா, நீங்க சொன்னது அப்படியே நடந்தது.

—

பழைய கோஆர்டினேட்டர்
மார்ச் 15, காலை 8:15

சந்தோஷம்மா. பயோசிமிலர்னா புது மருந்து இல்ல. பெவாசிசுமாப் மாதிரி ஏற்கனவே இருக்கற ஊசி மருந்தை இன்னொரு கம்பெனி செஞ்சு, ரெண்டும் ஒண்ணு போலவே வேலை செய்யுதான்னு பாக்கறது. வழக்கமான கீமோவோட அந்த ஊசியும் இலவசமா வரும், அதனால கைல காசில்லாதவங்களுக்கு அது மோசமான யோசனை இல்ல. ஆனா ஈ.ஜி.எஃப்.ஆர் உள்ளவங்களை எடுக்கறாங்களான்னு விதியைப் படிக்கணும்.

சென்னைல, அம்மா ட்ரையலுக்குப் பொருந்துவாங்களான்னு பாக்கற ஸ்க்ரீனிங்னு ஒரு வாரம், ரெண்டு வாரம் ஓடும். அதுல தோத்துப் போறது சகஜம், இப்பவே மனசை ரெடியா வச்சுக்கோங்க. கிரியாட்டினின் கொஞ்சம் ஏறியிருக்கும், ஹெபடைடிஸ் பி வெளிய வரும். அளக்கற மாதிரி கட்டி இல்லன்னாலும் கழிச்சுடுவாங்க. சிடில 10 மில்லிமீட்டராவது இருக்கணும், நெறிக்கட்டின்னா குறுக்கால 15. நீர் கோத்திருக்கறதை அளவுக்கு எடுக்க மாட்டாங்க. பயாப்சி எடுத்தது போக கல்லீரல்லயோ நுரையீரல்லயோ அளக்க ஒண்ணு மிச்சம் இருக்கான்னு டாக்டரைக் கேட்டுக்கோங்க.

—

விருதுநகர் மணி
மார்ச் 15, மதியம் 12:30

ரயில் கன்செஷன் ஃபார்ம் வாங்கிட்டீங்களா? ஆஸ்பத்திரில டாக்டர் கையெழுத்து வாங்கி கவுண்டர்ல குடுத்தா ஸ்லீப்பர், தேர்டு ஏசில கேன்சர் பேஷண்டுக்கு டிக்கெட் காசு முழுசா தள்ளுபடி, கூட வர்ற ஒருத்தருக்கு முக்கால்வாசி. 21 நாளுக்கு ஒரு தடவை ஊசின்னு சொல்வாங்க, ஆனா முதல் சுற்றுல எட்டாம் நாள், பதினஞ்சாம் நாள்னும் வரச் சொல்லலாம். அந்த முதல் மாசம் மட்டும் சென்னைல தங்க எடம் பாத்துக்கோங்க, நெல்லைல இருந்து போயிட்டுப் போயிட்டு வந்தா அம்மா தாங்க மாட்டாங்க. எங்க பெரியம்மா மக தாம்பரத்துல இருக்கா, தேவைன்னா சொல்லுங்க, மேல் மாடி சும்மாதான் கிடக்கு.

—

கணேசன்_மதுரை
மார்ச் 15, மாலை 5:44

கோவம் எல்லாம் இல்லம்மா. அந்த விவரத்தாளை நானும் ஒரு தடவை படிக்கலாமா? பேரு, நம்பர் எல்லாம் மறைச்சுட்டுப் போடுங்க. சித்தப்பா கையெழுத்து போட்டப்போ நாங்க யாரும் படிக்கல.

—

தாமிரபரணிக்காரி
ஏப்ரல் 2, இரவு 9:35

கட்டிலயும் டி790எம் நெகடிவ். அதனால ஓசிமெர்டினிப் கதவு இப்போதைக்கு இல்ல. போன வாரம் சென்னை போனோம். விவரத்தாள் 24 பக்கம், தமிழ்லதான், ஆனா தமிழே புரியல. "யாதொரு பாதகமான நிகழ்வு"ன்னா என்னன்னு அம்மா கேட்டாங்க. தாம்பரம் மாடில உக்காந்து நானும் அம்மாவும் ரெண்டு ராத்திரி படிச்சோம், பதினோரு எடத்துல சுழிச்சோம். கோஆர்டினேட்டர் பொண்ணு சின்னவ, ஆனா ஒவ்வொண்ணுக்கும் உக்காந்து பதில் சொன்னா. ட்ரையல் முடிஞ்ச பிறகும் மருந்து கேக்குதுன்னா, வேற மருந்து இல்லன்னா, டாக்டர் சொல்லி எதிக்ஸ் கமிட்டி ஒத்துக்கிட்டா தொடர்ந்து இலவசமா தருவாங்கன்னு இருக்கு, அதையும் கேட்டு எழுதிக்கிட்டேன். நாமினி எடத்துல அம்மா தம்பி பேரை எழுதாம என் பேரை எழுதினாங்க.

கிரியாட்டினின் பாஸ். ஹெபடைடிஸ் பாஸ். அளக்கக் கட்டியும் இருக்கு, 22 மில்லிமீட்டர். மூளை எம்.ஆர்.ஐலதான் மாட்டிக்கிச்சு. ஒரு சின்னப் புள்ளி, 6 மில்லிமீட்டர். தலைவலி கூட இல்ல அம்மாவுக்கு. அதுக்கு ஒரே நாள்ல ஃபோகஸ் ரேடியேஷன் குடுத்துட்டு, கொஞ்ச நாள் விட்டுப் பாத்து, புதுசா எதுவும் வரலன்னா, ஸ்டீராய்டு இல்லாம இருந்தாங்கன்னா திரும்ப ஸ்க்ரீனிங் பண்ணலாம்னு சொல்லியிருக்காங்க. எடம் அதுவரைக்கும் இருக்குமான்னு உறுதி சொல்ல மாட்டோம்னாங்க. அதிகமா காத்திருக்க வேண்டாம், தள்ளிப் போச்சுன்னா பெமெட்ரெக்ஸெட் கீமோவை ஆரம்பிச்சுடலாம்னு ஊர் டாக்டரும் சொல்லிட்டாரு. ஆரம்பிச்சா இந்த ட்ரையல் போயிடும். ரெண்டு தேதியையும் காலண்டர்ல எழுதி வச்சிருக்கேன். 17ஆம் தேதி ஸ்கேன், 21க்குள்ள எப்படியும் ஒண்ணு ஆரம்பிக்கணும்.

ரேடியேஷன் நேத்து முடிஞ்சது. தலைல மாட்டற அந்த முகமூடியை அம்மா வீட்டுக்குக் கொண்டு வந்துட்டாங்க. தோட்டத்துல கத்தரிக்கு மேல குச்சில மாட்டி வச்சிருக்காங்க, திருஷ்டிக்காம்.

—

ப்ளாக்கும்ஸ்லைடும்
ஏப்ரல் 2, இரவு 9:50

ப்ளாக் இப்ப யாருகிட்ட இருக்கு? சென்னைலயே குடுத்துட்டீங்கன்னா ரசீது வாங்கிக்கோங்க. கீமோ பக்கம் போனாலும் அடுத்த ட்ரையலுக்கு அது திரும்ப வேணும்.

—

தாமிரபரணிக்காரி
ஏப்ரல் 2, இரவு 10:04

வாங்கிட்டேன் அண்ணா. பழைய செல் ப்ளாக் வீட்ல, பிரிட்ஜ் மேல அம்மாவோட சுருக்குப் பைக்குள்ள இருக்கு. புது பயாப்சி ப்ளாக் அங்க, ரசீது என் பர்ஸ்ல. கணேசன் சார், விவரத்தாளை போட்டோ எடுத்து உங்களுக்குத் தனியா அனுப்பியிருக்கேன், எட்டாம் பக்கம் கொஞ்சம் மங்கலா இருக்கும், நாளைக்கு வெளிச்சத்துல திரும்ப எடுத்து அனுப்பறேன்.